1890ங்கற ஒரு வருஷத்த வெச்சு கதவ சாத்தின கதை: அமெரிக்க கோட்டா சட்டம், 1921லேர்ந்து 1965 வரைக்கும்

க்ரீன் கார்டு க்யூ பத்தி பேசாத ஐடி குடும்பம் இப்ப நம்ம ஊர்ல கம்மி. ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு இவ்ளோ பேர்தான்னு எண்ணி உள்ள விடற அந்த பழக்கம் எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு தேடிட்டு போனா 1920கள்ல போய் நிக்கும். அந்த கோட்டா எப்படி வந்துச்சு, எப்படி வேலை செஞ்சுது, 40 வருஷம் கழிச்சு எப்படி போச்சு, போனப்பறம் என்ன ஆச்சு, இத ஒரு கேஸா எடுத்து பாக்கலாம். என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். இத கொண்டுவந்தவங்க படு கெட்டிக்காரங்க, கணக்கு போட்டே ஆள தடுத்தாங்க. எடுத்தவங்களுக்கு அந்த தெளிவு இருந்த மாதிரி தெரியல, எடுத்தாலும் பெருசா ஒண்ணும் மாறாதுன்னு சொல்லி சொல்லித்தான் எடுத்தாங்க.

முன்கதை, சுருக்கமா

1882ல சீன தொழிலாளிங்க வரக்கூடாதுன்னு ஒரு சட்டம். அதுல சீனாவோட பேரே நேரடியா இருக்கும், ஒளிவு மறைவு கிடையாது. முதல்ல 10 வருஷத்துக்குன்னாங்க, அப்பறம் நீட்டி நீட்டி நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. ஜப்பான்கிட்ட 1907ல பேசி, நீங்களே உங்க தொழிலாளிங்கள அனுப்பாம பாத்துக்கங்கன்னு ஒரு ஏற்பாடு. 1917ல ஜனாதிபதி வில்சன் வீட்டோ பண்ணியும் கேக்காம ஒரு சட்டம் போட்டாங்க, அதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, 16 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஏதாவது ஒரு மொழில படிக்க தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது, உலக மேப்ல ஒரு பெரிய கட்டம் போட்டு அதுக்குள்ள பொறந்தவங்க யாரும் குடியேற வரக்கூடாதுன்னாங்க, இந்தியா மொத்தமும் அந்த கட்டத்துக்குள்ள.

இதுக்கு நடுவுல குடியுரிமை வேற தனி ட்ராக்ல ஓடிட்டிருந்துச்சு. 1790 சட்டப்படி வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் குடியுரிமை, 1870ல ஆப்பிரிக்க வம்சாவளியையும் சேத்தாங்க, ஆசியாக்காரங்கள சேக்கல. முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்த பகத் சிங் திண்ட் 1923ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. அவர் தரப்பு வாதத்த இன்னிக்கு படிச்சா கூசும். நான் உயர்சாதி ஆரியன், அதனால நானும் வெள்ளை இனம்தான், இந்தியாவோட பூர்வகுடிங்கள நாங்களும் கல்யாண உறவு வெச்சுக்காம தள்ளித்தான் வெச்சிருக்கோம்ங்கற மாதிரி போகும். சாதிய காட்டி அமெரிக்காவுல இடம் கேட்ட வாதம் அது. கோர்ட் அதையும் ஏத்துக்கல, சாதாரண ஆள் கண்ணுக்கு நீ வெள்ளை இல்லன்னு சொல்லி அனுப்பிடுச்சு. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த டஜன் கணக்கான இந்தியர்களோட குடியுரிமையையும் பறிக்க ஆரம்பிச்சாங்க.

ஆக ஆசியாவுக்கு கதவு எப்பவோ சாத்தியாச்சு. 1920கள்ல வந்த கோட்டா உண்மையில குறி வெச்சது ஐரோப்பாவுக்குள்ளயே ஒரு பாதிய. இத்தாலிக்காரங்க, போலந்துக்காரங்க, கிரேக்கர்கள், ரஷ்ய சாம்ராஜ்யத்துலேர்ந்து தப்பிச்சு வந்த யூதர்கள், இவங்கதான். 1907ல மட்டும் 12 லட்சத்து 85 ஆயிரம் பேர் வந்து எறங்கியிருக்காங்க, அதுல பெரும்பகுதி தெற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பாதான். ரஷ்ய புரட்சிக்கப்பறம் கம்யூனிஸ்ட் பயம், கூ க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்பு உச்சத்துல இருந்த நேரம், எங்க கூலி கொறையுதுன்னு தொழிற்சங்கங்க ஒரு பக்கம், மனுஷ இனத்துல ஒசத்தி தாழ்த்தி உண்டுன்னு அறிவியல் பேர்ல பேசின யூஜெனிக்ஸ் கோஷ்டி ஒரு பக்கம். பார்லிமென்ட் கமிட்டிக்கே ஹாரி லாஃப்லின்னு ஒரு யூஜெனிக்ஸ் ஆள நிபுணரா வெச்சிருந்தாங்கன்னா பாத்துக்கங்க.

3 சதவீதமும் நள்ளிரவு கப்பலும்

1921 மே மாசம் ஜனாதிபதி ஹார்டிங் கையெழுத்து போட்ட அவசர கோட்டா சட்டம்தான் முதல் ரவுண்டு. 1910 சென்சஸ்ல ஒரு நாட்டுல பொறந்தவங்க அமெரிக்காவுல எத்தன பேர் இருந்தாங்களோ, அதுல 3 சதவீதம் பேருக்குத்தான் வருஷத்துக்கு அனுமதி. மொத்தமா கூட்டினா ஏறக்குறைய 3 லட்சத்து 57 ஆயிரம். இதுல இன்னொரு நிபந்தனை, வருஷ கோட்டாவுல 20 சதவீதத்துக்கு மேல ஒரு மாசத்துல உள்ள விடக்கூடாது.

இந்த மாச கணக்கு என்ன கூத்த உண்டாக்குச்சுன்னா, எல்லா கப்பல் கம்பெனியும் மாசம் ஒண்ணாந்தேதி நள்ளிரவு நியூயார்க் துறைமுகத்து வாசல்ல வந்து நிக்கும், மணி 12 அடிச்சதும் எவன் முதல்ல கோட்ட தாண்டறானோ அவன் கப்பல்ல இருக்கறவங்களுக்கு கோட்டா கிடைக்கும், பின்னாடி வர்ற கப்பலுக்குள்ள சின்ன நாடுங்களோட கோட்டா காலியாயிடும். காலைல தட்கல் தொறக்கறப்ப நம்ம நிலைமை என்னவோ அதேதான், ஆனா இங்க டிக்கெட் கிடைக்கலன்னா அட்லான்டிக் கடல திரும்ப கடந்து போகணும். சில நிமிஷம் முந்தி தாண்டிட்டா போன மாச கணக்குல விழுந்து அதுவும் வம்பு. ஊர்ல இருந்த நிலத்த வித்துட்டு வந்தவன், அவன் ஏறின கப்பலோட கேப்டன் வேகத்த நம்பி நின்னான். 1924ல இத மாத்தி, விசாவ அந்தந்த நாட்டு தூதரகத்துலயே கொடுத்து எண்ணிக்கைய அங்கயே முடிச்சிடணும்னு வெச்சாங்க. நாம இன்னிக்கு சென்னைல கான்சுலேட் வாசல்ல நிக்கற முறைக்கு அடித்தளம் இங்கதான் விழுந்துச்சு.

ஏன் 1890?

3 சதவீதம் போதலன்னு சட்டம் கொண்டுவந்தவங்க நெனச்சாங்க. வாஷிங்டன் மாநிலத்து எம்பி ஆல்பர்ட் ஜான்சன், பென்சில்வேனியா செனட்டர் டேவிட் ரீட், இவங்க பேர்ல வந்த சட்டத்துல 1924 மே 26ஆம் தேதி ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்து போட்டாரு. 3 சதவீதம் 2 ஆச்சு. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், கணக்கு போடற வருஷத்த 1910லேர்ந்து 1890க்கு பின்னாடி தள்ளினாங்க. 1920 சென்சஸே கையில இருக்கு, எதுக்கு 34 வருஷம் பின்னாடி போகணும்? இத்தாலியிலேர்ந்தும் போலந்துலேர்ந்தும் கூட்டம் கூட்டமா ஆளுங்க வந்ததே 1890க்கு அப்பறம்தான். அந்த வருஷத்த எடுத்தா அவங்க கணக்குலயே இருக்க மாட்டாங்க, ஜெர்மனி, பிரிட்டன், அயர்லாந்து, ஸ்காண்டிநேவியாக்காரங்கதான் நெறைய இருப்பாங்க.

பலன் என்னன்னா, இத்தாலிக்கு 1921ல 42,057ன்னு இருந்த கோட்டா 1924ல 3,845 ஆச்சு. போருக்கு முன்னாடி வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல வந்துட்டிருந்த நாடு அது. கிரீஸுக்கு 100. ஜெர்மனிக்கு 51,227. சட்டத்துல இத்தாலிக்காரன் வேணாம்னோ யூதன் வேணாம்னோ எங்கயும் கிடையாது, ஒரு சதவீதமும் ஒரு வருஷமும்தான். கேட்டா, எல்லா நாட்டுக்கும் ஒரே ஃபார்முலாதான, என்ன பாரபட்சம்னு திருப்பி கேக்கலாம். சாதி பேர எழுதாமலே சாதி பாக்கற ரூல்னு நம்ம ஊர்ல சொல்லுவோம்ல, அந்த ரகம்.

ஜப்பானுக்கும் அதே டெக்னிக்தான், குடியுரிமை வாங்க தகுதி இல்லாதவங்க குடியேற வரக்கூடாதுன்னு ஒரே வரி. யாருக்கு தகுதி இல்லன்னு கோர்ட்தான் ஏற்கனவே சொல்லிடுச்சே. இது வந்தா விளைவு மோசமா இருக்கும்னு ஜப்பான் தூதர் ஹனிஹாரா ஒரு கடிதம் எழுதினாரு, அத மிரட்டல்னு சொல்லி செனட் இன்னும் வீராப்பா ஓட்டு போட்டுச்சு.

மேற்கு பாதி உலகத்துக்கு, அதாவது மெக்சிகோ, கனடா, தென் அமெரிக்காவுக்கு கோட்டாவே கிடையாது. டெக்சாஸ், கலிஃபோர்னியா பண்ணை முதலாளிங்களுக்கு கூலியாள் வேணுமே. கொள்கை கிள்கையெல்லாம் அறுவடை சீசன் வர்ற வரைக்கும்தான்.

அப்ப எதிர்த்து பேசினவங்க ஒரு சிலர்தான். அதுல ஒருத்தர் ப்ரூக்ளின்லேர்ந்து முதல் தடவையா ஜெயிச்சு வந்த யூத எம்பி, இமானுவேல் செல்லர், வயசு 36. இவர ஞாபகம் வெச்சுக்கங்க.

பூர்வீகத்த எண்ணின கூத்து

1890 ஃபார்முலா தற்காலிகம்தான். அதுக்கு பதிலா மொத்த அமெரிக்க ஜனத்தொகையோட பூர்வீகத்த கண்டுபிடிச்சு, மொத்தம் 1,50,000ன்னு வெச்சு, அத விகிதப்படி பிரிக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. எனக்கு இந்த மொத்த கேஸ்லயே இதுதான் ரொம்ப விசித்திரமான பகுதி. மொத்த ஜனத்தொகைன்னாங்களே தவிர, எண்ணும்போது யார விட்டுடணும்னும் அதே சட்டம் சொல்லுது. அடிமையா கொண்டுவரப்பட்டவங்களோட சந்ததி கணக்குல வராது, செவ்விந்தியர்கள்னு சொல்ற பூர்வகுடிங்க வர மாட்டாங்க, ஆசிய வம்சாவளி வராது, மேற்கு பாதியிலேர்ந்து வந்தவங்க வர மாட்டாங்க. அந்த மண்ணுக்கே சொந்தக்காரங்கள, தங்களோட பூர்வீக கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க.

மிச்சமிருக்கற வெள்ளைக்காரங்கள எப்படி பிரிக்கறது? சென்சஸ் ஆபீஸ் நிபுணர் ஜோசப் ஹில் தலைமைல ஒரு போர்டு போட்டு, 1790 சென்சஸ்ல இருந்த குடும்ப பேருங்கள வெச்சு இவன் இங்கிலீஷ்காரன், இவன் ஜெர்மன்காரன்னு பிரிச்சாங்க. ஷ்மிட்னு வந்து எறங்கி ஸ்மித்னு மாத்திக்கிட்டவன் என்ன ஆவான்? இங்கிலாந்து கணக்குல சேந்துடுவான். ஜெர்மன், ஐரிஷ், ஸ்காண்டிநேவிய வம்சாவளிக்காரங்க கத்தினாங்க, நம்பர திருத்தினாங்க, ரெண்டு தடவ அமல தள்ளி போட்டாங்க. இத ஒழுங்கா கணக்கு போடவே முடியாதுன்னு சொன்ன ஹூவரே ஜனாதிபதி ஆனப்பறம், சட்டம் இருக்கேன்னு வேற வழியில்லாம 1929ல அறிவிச்சாரு. கடைசி கணக்குல பிரிட்டனுக்கு 65,721, ஜெர்மனிக்கு 25,957, இத்தாலிக்கு 5,802, கிரீஸுக்கு 307. 35 வருஷத்துக்கு கொஞ்சம் கூட கொறைய இதே நம்பர்தான் ஓடுச்சு, அதுல பிரிட்டன் தன்னோட பங்குல பாதிகூட நிரப்பல, அந்த மிச்சத்த வேற நாட்டுக்கு கொடுக்கவும் சட்டத்துல வழி இல்ல.

கோட்டாவோட விலை

1930ல பொருளாதார வீழ்ச்சி நேரத்துல, அரசாங்கத்துக்கு பாரமா ஆகக்கூடியவங்களுக்கு விசா கொடுக்காதீங்கன்னு ஹூவர் ஒரு உத்தரவு போட்டாரு. அது ஹிட்லர் வந்தப்பறமும் ஓடுச்சு. நாஜிங்க யூதர்கள சொத்தெல்லாம் புடுங்கிட்டுத்தான் வெளில விடுவாங்க, அமெரிக்க தூதரகம் சொத்து இருக்கான்னு கேக்கும். அதனால 1930கள்ல பெரும்பாலும் ஜெர்மன் கோட்டாவே முழுசா நிரம்பல. 1938ல ஆஸ்திரியாவையும் சேத்து 27,370 ஆக்கினாங்க, 1939ல அது நிரம்பினப்ப வெயிட்டிங் லிஸ்ட்ல 3 லட்சம் பேருக்கு மேல நின்னாங்க.

அந்த வருஷம் மே மாசம் ஹாம்பர்க்லேர்ந்து செயின்ட் லூயிஸ்ங்கற கப்பல் 937 பேரோட கிளம்புச்சு, கிட்டத்தட்ட எல்லாருமே யூதர்கள். கியூபாவுல 28 பேர மட்டும் எறக்கி விட்டாங்க. கப்பல் ஃப்ளோரிடா கரையோரமா, மயாமி வெளிச்சம் தெரியற தூரத்துல சுத்துச்சு. அதுல நெறைய பேர் அமெரிக்க கோட்டா லிஸ்ட்ல பேர் கொடுத்துட்டு நம்பர் வர்ற வரைக்கும் கியூபாவுல காத்திருக்கலாம்னு கிளம்பினவங்கதான். உங்க முறை வந்தப்பறம்தான் விசாங்கறதுதான் பதில். கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிடுச்சு, திரும்பினவங்கள்ல 254 பேர் நாஜி இன அழிப்புல செத்தாங்க. அதே வருஷம் 20,000 ஜெர்மன் அகதி குழந்தைங்கள கோட்டாவுக்கு வெளியில எடுக்கலாம்னு ஒரு பில் வந்துச்சு, ஓட்டெடுப்புக்கே வராம செத்துப்போச்சு.

100 பேருக்கு ஒரு ஜன்னல்

போர் வந்தப்பறம் சீனா கூட்டாளி ஆயிடுச்சு. கூட்டாளிய வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீங்களேன்னு ஜப்பான் ரேடியோ பிரசாரம் பண்ணுச்சு. 1943ல சீனர் தடைய நீக்கி, வருஷத்துக்கு 105 பேருன்னு ஒரு கோட்டா கொடுத்தாங்க. 105! 1946ல இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் ஆளுக்கு 100, கூடவே குடியுரிமைக்கும் வழி. இந்த சட்டத்துல பேர் இருக்கற ரெண்டு எம்பில ஒருத்தர் அதே செல்லர். இந்தியர்கள் தரப்புல ஜே.ஜே. சிங்னு ஒரு வியாபாரி விடாம அலைஞ்சு ஆதரவு திரட்டினாரு.

100 பேர்ங்கறது ஒண்ணுமே இல்லதான், ஆனா ஏற்கனவே அங்க இருந்தவங்களுக்கு அது வேற வாழ்க்கை. தலீப் சிங் சௌந்த் 1949ல குடியுரிமை வாங்கி 1956ல கலிஃபோர்னியாவுலேர்ந்து எம்பியாவே ஜெயிச்சாரு. மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர் 1937லயே சிகாகோ யுனிவர்சிட்டிக்கு போயிட்டாரு, பேராசிரியர்களுக்கும் மதகுருமாருக்கும் கோட்டாவுக்கு வெளியில ஒரு சந்து வெச்சிருந்தாங்க, ஆனா அவர் குடியுரிமை வாங்கினது 1953ல. உலகமே கொண்டாடின விஞ்ஞானிக்கும் 1946 வரைக்கும் அதுக்கு வழி இல்ல.

லாட்வியாவுக்கு 2274 வரைக்கும்

போர் அகதிங்கள எடுக்க 1948ல ஒரு சட்டம் போட்டாங்க, ஆனா கோட்டாவ மீறவும் மனசில்ல. அதனால வருங்கால வருஷங்களோட கோட்டாவ அடமானம் வெச்சு இப்ப ஆள எடுத்தாங்க, ஒவ்வொரு வருஷமும் பாதிய கழிச்சுக்கணும். லாட்வியாவோட கோட்டா ரொம்ப சின்னது, வந்த அகதிங்களோ ஆயிரக்கணக்குல, அதனால கி.பி. 2274 வரைக்கும் அந்த நாட்டு கோட்டாவுல பாதி அடமானத்துல போயிடுச்சு. ஒரு அரசாங்கம் சீரியஸா ஃபைல்ல எழுதி வெச்ச வருஷம் அது! 1957ல ரத்து பண்ணித் தொலைச்சாங்க.

1952ல எல்லாத்தையும் சீர் பண்றோம்னு பாட் மக்காரனும் ஃப்ரான்சிஸ் வால்டரும் ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தாங்க. குடியுரிமைக்கு இனத்தடை போச்சு, அது நல்லது. ஆனா நாட்டு கோட்டா அப்படியே இருந்துச்சு. ஆசியாவுக்குன்னு ஒரு முக்கோணம் வரைஞ்சு, அதுல உள்ள பெரும்பாலான நாடுகளுக்கு தலைக்கு 100, மொத்தம் 2,000ன்னு வெச்சாங்க. இன்னொரு விஷமம் என்னன்னா, மத்த எல்லாருக்கும் பொறந்த நாடுதான் கணக்கு, ஆசியாக்காரங்களுக்கு மட்டும் வம்சாவளி கணக்கு. ட்ரினிடாட்லயோ லண்டன்லயோ சிங்கப்பூர்லயோ பொறந்திருந்தாலும் அப்பா அம்மா இந்தியர்னா இந்தியாவோட அந்த 100லதான் நிக்கணும். ட்ரூமன் வீட்டோ பண்ணாரு, இங்கிலீஷ், ஐரிஷ் பேர் உள்ளவன் இத்தாலிய, கிரேக்க, போலிஷ் பேர் உள்ளவனவிட நல்ல அமெரிக்கன்னு சொல்ற கொள்கை இதுன்னு நேராவே எழுதினாரு. ரெண்டே நாள்ல வீட்டோவ மீறி சட்டம் பாஸ் ஆச்சு.

1965: எடுத்தவங்க போட்ட கணக்கு

ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் புதுசு புதுசா நாடுங்க சுதந்திரம் வாங்கிட்டு இருக்கு, நாங்கதான் சுதந்திர உலகத்தோட தலைவன்னு அமெரிக்கா அவங்ககிட்ட சொல்லிட்டு இருக்கு, கையில 100 பேர் கோட்டாவ வெச்சுக்கிட்டு. உள்ளூர்ல கறுப்பின மக்களோட சம உரிமைக்கான சிவில் ரைட்ஸ் போராட்டம், 1964ல அந்த சட்டம் வந்தாச்சு. 1920கள்ல தடுக்கப்பட்ட இத்தாலிய, போலிஷ், யூத குடும்பங்களோட பிள்ளைங்க இப்ப ஓட்டு வங்கி. கென்னடி 1963 ஜூலைல கோட்டாவ எடுக்கணும்னு பார்லிமென்ட்டுக்கு எழுதினாரு, அவர் கொலைக்கப்பறம் ஜனாதிபதி ஆன லிண்டன் ஜான்சன் கையில எடுத்தாரு, 1964 தேர்தல்ல அவர் கட்சிக்கு பெரிய மெஜாரிட்டி வேற. பில் கொண்டுவந்தவங்க செனட்ல மிச்சிகன்காரர் ஃபிலிப் ஹார்ட், கீழ்சபைல நம்ம செல்லர், இப்ப வயசு 77, நீதித்துறை கமிட்டிக்கே தலைவர்.

குறுக்க நின்னவர் ஒஹையோ எம்பி மைக்கேல் ஃபெய்கன், குடியேற்ற துணைக்கமிட்டி அவர் கையில. அரசாங்க பில்லுல திறமைக்கும் படிப்புக்கும்தான் முதல் இடம். ஃபெய்கன் அத திருப்பி போட்டு, ஏற்கனவே அமெரிக்காவுல இருக்கறவங்களோட சொந்தக்காரங்களுக்கு முன்னுரிமைன்னாரு, 74 சதவீதம் இடம் குடும்பத்துக்கு, அதுல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கு மட்டும் 24. கணக்கு சிம்பிள்: இருக்கறவங்க பெரும்பாலும் ஐரோப்பாக்காரங்க, அவங்க சொந்தமும் ஐரோப்பாவுலதான் இருக்கும், கோட்டா போனாலும் கலவை மாறாது. செல்லரே சபைல, ஆசியா ஆப்பிரிக்காக்காரங்களுக்கு இங்க சொந்தம் கம்மி, அதனால கம்மியாத்தான் வருவாங்கன்னு பேசினாரு. அதுக்கு முந்தின வருஷம் அட்டர்னி ஜெனரலா இருந்த ராபர்ட் கென்னடி, ஆசிய முக்கோணத்துலேர்ந்து முதல் வருஷம் 5,000 பேர் வரலாம், அப்பறம் அனேகமா நின்னுடும்னு சாட்சி சொல்லியிருந்தாரு.

இவங்கெல்லாம் ஓட்டு வாங்கறதுக்காக சொன்னாங்களா, நிஜமாவே நம்பினாங்களா? ரெண்டும் கலந்துதான்னு நான் நெனக்கறேன். ஒண்ணு மட்டும் உறுதி, இத்தன பேர் வருவாங்கன்னு 1965ல யாராவது உண்மைய சொல்லியிருந்தா பில் பாஸ் ஆயிருக்காது. கீழ்சபைல 318க்கு 95, செனட்ல 76க்கு 18. அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலைக்கு கீழ வெச்சு கையெழுத்து போட்ட ஜான்சன், இது புரட்சிகரமான சட்டம் இல்ல, லட்சக்கணக்கானவங்க வாழ்க்கைய பாதிக்காதுன்னாரு.

அப்பறம் நடந்தது

ஐரோப்பா அதுக்குள்ள வசதியாயிடுச்சு, பழைய மாதிரி கிளம்பி வர ஆள் இல்ல. கலவைய காப்பாத்த ஃபெய்கன் வெச்ச குடும்ப முன்னுரிமைய முழுசா பயன்படுத்தினது ஆசியாக்காரங்கதான். முதல்ல டாக்டர், இன்ஜினியர், நர்ஸுன்னு அந்த சின்ன திறமை ஜன்னல் வழியா வந்தாங்க, வந்து அஞ்சு வருஷத்துல குடியுரிமை, உடனே அண்ணனுக்கு ஒரு மனு, தங்கச்சிக்கு ஒரு மனு, அந்த தங்கச்சி புருஷன் வந்து அவர் தம்பிக்கு ஒரு மனு. இந்தியாவுலேர்ந்து 1951லேர்ந்து 1960 வரைக்கும் பத்து வருஷத்துல மொத்தமா குடியேறினது 2,000 பேருக்கும் கம்மி. 1971லேர்ந்து 1980க்குள்ள 1 லட்சத்து 64 ஆயிரம். 1977ல நியூயார்க் ஃப்ளஷிங்ல பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் நடந்துச்சுன்னா (இப்ப அந்த கேன்டீன் தோசைக்கே தனி கூட்டம்) அதுக்கு பின்னாடி இருக்கறது 1965தான்.

மெக்சிகோவுக்கு கதை தலைகீழ். கோட்டா இல்லாம இருந்த மேற்கு பாதிக்கு, 1965 சட்டத்த பாஸ் பண்றதுக்கான பேரமா முதல் தடவையா வருஷத்துக்கு 1,20,000ன்னு உச்சவரம்பு போட்டாங்க, 1968ல அமலாச்சு. பண்ணை கூலிங்கள சட்டப்படி கொண்டுவந்துட்டிருந்த பிரசெரோ திட்டத்த 1964 கடைசியில மூடியாச்சு. 1976ல மெக்சிகோவுக்கும் மத்த நாடு மாதிரியே 20,000ன்னு வரம்பு. வேலை அங்கயேதான் இருக்கு, அதே ஆளுங்க அதே பண்ணைக்கு அதே சீசன்ல வர்றாங்க, இப்ப அவங்களுக்கு பேர் சட்டவிரோத குடியேறிகள். பாரபட்சத்த ஒழிச்ச சட்டம்னு இத கொண்டாடறவங்க இந்த பக்கத்த பேசவே மாட்டாங்க.

நாட்டுக்கு நாடு வேற வேற கோட்டா போய், எல்லா நாட்டுக்கும் ஒரே வரம்புன்னு வந்துச்சு. 1990 சட்டப்படி அது மொத்தத்துல 7 சதவீதம், வேலை வழியா வர்ற க்ரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000. ஐஸ்லாந்துக்கும் அதே 7 சதவீத வரம்பு, இந்தியாவுக்கும் அதே. இதுலயும் எந்த நாட்டோட பேரும் இல்ல, ஃபார்முலா எல்லாருக்கும் பொது, ஆனா க்யூவுல 10 வருஷத்துக்கு மேல நிக்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும். கனடா குடியுரிமை வாங்கிட்டு போனாலும் பிரயோஜனம் இல்ல, பொறந்த நாடுதான் கணக்கு. புருஷனோ பொண்டாட்டியோ வேற நாட்டுல பொறந்திருந்தா அந்த நாட்டு கணக்குல ரெண்டு பேரும் போகலாம்னு ஒரு விதி இருக்கு. அதனால அப்பா அம்மா வேலை பாத்த இடத்துல, சிங்கப்பூர்லயோ துபாய்லயோ பொறந்த பொண்ண கட்டினவன் க்யூவ தாண்டி போயிடறான். 1952 சட்டத்துல அதே சிங்கப்பூர் பொண்ணு இந்தியாவோட 100 பேர் லிஸ்ட்ல நின்னிருக்கணும். ரெண்டு பேருமே தஞ்சாவூர்ல பொறந்திருந்தா, யாரோட முறை வந்திருக்குன்னு அமெரிக்க அரசாங்கம் மாசா மாசம் வெளியிடற விசா புல்லட்டின்ல தேதி நகந்துச்சான்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.